ஐஸ் இருக்கும் வரைதான் சீசன்: லடாக் குளம் முதல் அரிசோனா பாலைவனம் வரை, ஐஸ் ஹாக்கியின் தலையெழுத்தை அரங்கங்கள் எழுதுவது எப்படி?

அந்தமானில் இருப்பவர்களுக்கு ஃபீனிக்ஸ் பே என்றால் கப்பல் ஏறும் இடம். ஸ்வராஜ் த்வீப்புக்கோ ஷாஹீத் த்வீப்புக்கோ போக டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு ஜெட்டியில் நிற்கும் ஊர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும் ஃபீனிக்ஸ் பே ஃபீனிக்ஸ் பே-தான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் ஒரு ஃபீனிக்ஸ் இருக்கிறது. அது பாலைவன நகரம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. இந்த இரண்டு ஃபீனிக்ஸுக்கும் ஒரு ஒற்றுமை: இரண்டு ஊரிலும் குளம் உறையாது. ஆனாலும் அந்த ஃபீனிக்ஸில் 1996 முதல் 2024 வரை, 28 ஆண்டுகள், உலகின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீகின் ஓர் அணி இருந்தது. கடைசியில் அந்த அணி ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் வெயில் இல்லை. ஆட அரங்கம் கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. லடாக்கில் குளிருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே ஐஸ் ஹாக்கி சீசன் ஏறத்தாழ இரண்டே மாதம்தான். பனி உருகினால் ஸ்கேட்ஸைக் கழற்றி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குளிர் உள்ள ஊரில் சீசன் ஏன் சுருங்குகிறது, வெயில் ஊரில் எப்படி எட்டு மாதம் ஓடுகிறது? இந்தியாவில் இந்த விளையாட்டை இப்போது யார் ஆடுகிறார்கள், எங்கே ஆடுகிறார்கள்?

முதலில், இது என்ன விளையாட்டு?

ஹாக்கி என்றதும் நமக்குக் கோவில்பட்டியும் சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியமும்தான் நினைவுக்கு வரும். அது புல்லில் தொடங்கி இன்று செயற்கைத் தளத்தில் ஆடப்படும் ஹாக்கி. ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பரால் செய்த வட்டத் தட்டு ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் 'பக்'. விட்டம் 7.6 சென்டிமீட்டர், எடை சுமார் 160 கிராம். நம்ம கேரம் ஸ்ட்ரைக்கரைப் பெரிதாக்கி, தடிமனாக்கியது போல இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அடி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். அதனால்தான் கோல்கீப்பர் மெத்தையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல நிற்கிறார்.

ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். வீரர்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆட்டம் நிற்கவே வேண்டாம். முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஸ்கேட் செய்தாலே மூச்சு வாங்கிவிடும் என்பதால், ஒரு செட் உள்ளே போக இன்னொரு செட் வெளியே வந்துகொண்டே இருக்கும். தப்பு செய்தால் இரண்டு நிமிடம் தனிப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அணி ஓர் ஆள் குறைவோடு ஆடும்.

விதிகளைப் பொறுத்தவரை இவ்வளவு தெரிந்தால் போதும். இந்த விளையாட்டில் உண்மையான சிக்கல் காலடியில் இருக்கிறது.

ஒரு 'சீசன்' எப்படி நடக்கிறது?

அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 32 அணிகள் ஆடும் என்.எச்.எல். லீகை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் தொடங்கும். 2025-26 சீசன் வரை ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றில் 82 ஆட்டங்கள். அடுத்த சீசனிலிருந்து 84 என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஏப்ரலில் லீக் சுற்று முடிந்து, பிறகு ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப் ஜூன் வரை இழுக்கும்.

82 ஆட்டத்தில் 41 சொந்த ஊரில். அதாவது, ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தது 41 இரவுகள் உங்கள் ஊரில் ஓர் அரங்கம் காலியாக இருக்க வேண்டும். அந்த அரங்கத்தில் பெரும்பாலும் கூடைப்பந்து அணியும் குடியிருக்கும். கச்சேரிகளும் நடக்கும். ஐஸுக்கு மேலே பலகை போட்டு, அதற்கு மேலே கூடைப்பந்துத் தளத்தைப் பொருத்தி, ஆட்டம் முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, மறுநாள் ஹாக்கி நடத்துவார்கள். நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் காலையில் ஒரு முகூர்த்தம், மாலையில் ஒரு ரிசப்ஷன் நடப்பது போலத்தான். ஆனால் இங்கே தரைக்குக் கீழே எப்போதும் பனி உறைந்திருக்கும்.

கொரோனா காலத்தில், 2020-ல், பிளே-ஆஃப் முழுவதையும் எட்மண்டன், டொராண்டோ ஆகிய இரண்டே நகரங்களின் அரங்கங்களுக்குள் அடைத்து, ரசிகர்களே இல்லாமல் நடத்தி முடித்தார்கள். ரசிகர்கள் இல்லாமல்கூட ஒரு சீசனை முடிக்க முடிந்தது. ஐஸ் இல்லாமல் ஒருநாளும் முடிந்திருக்காது.

இந்தியாவின் ஐஸ் ஹாக்கி: குளத்தில் பிறந்த ஆட்டம்

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு அங்கே குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு விடுதி மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். அந்த உயரத்தில் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு ஓடி ஆடுகிறார்கள்.

லடாக்குக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தது ராணுவம். 1970-களில், குளிர்காலத்தில் சாலைகள் மூடிக்கிடக்கும் மாதங்களில், உறைந்த குளங்களில் வீரர்கள் ஆடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஊர்ப் பையன்களும் இறங்கினார்கள். ஸ்கேட்ஸ் வாங்கக் கடையும் இல்லை, காசும் இல்லை. ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடிய கதையை லேயின் மூத்த ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கர்சூ, குபுக்ஸ் ஆகிய குளங்கள்தான் அவர்களுடைய ஸ்டேடியம். கோடையில் சாதாரண நீர்நிலை, குளிர்காலத்தில் ஹாக்கி மைதானம்.

பிறகு மெல்ல மெல்ல அமைப்புகள் வந்தன. இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-ல் சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. டெல்லியில் உள்ள கனடா தூதரகம் முதல் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள் வரை பலரும் பழைய ஸ்கேட்ஸையும் ஹெல்மெட்டையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2018 ஜனவரியில், கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசரே லடாக் வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நம்ம ஊர் தெரு கிரிக்கெட்டுக்கு டெண்டுல்கர் வந்து நின்ற மாதிரி.

இன்று லேயில் முக்கிய ஆட்டங்கள் நடப்பது நவாங் தோர்ஜே ஸ்டோப்தான் விளையாட்டு வளாகத்தில். எல்லோரும் சுருக்கமாக 'என்.டி.எஸ்.' என்றுதான் சொல்கிறார்கள். மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஐஸ் போட்டிகள் லேயில் நடக்கின்றன. என்.டி.எஸ்., குபுக்ஸ் குளம், லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவின் ரிங்க் ஆகியவைதான் அதற்கான களங்கள். ஒரு தேசியப் போட்டியின் அதிகாரபூர்வ மைதானப் பட்டியலில் ஒரு குளமும் இருக்கிறது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

லீகும் வந்துவிட்டது. 2024 முதல் லேயில் ராயல் என்ஃபீல்டு ஆதரவில் ஐஸ் ஹாக்கி லீக் நடக்கிறது. சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் கம்பெனியின் பெயர், இமயமலை மேலே ஒரு ஹாக்கி லீகின் பெயரோடு ஒட்டியிருக்கிறது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் அணிகள் உண்டு. கங்ஸ் சிங், சாங்லா பிளாஸ்டர்ஸ் போன்ற பெயர்கள் லடாக்கின் மலையையும் கணவாயையும் நினைவூட்டும்.

அப்படின்னா இது 'புரொஃபஷனல்' லீகா? அமெரிக்க அர்த்தத்தில் இல்லை. அங்கே ஆட்டமே வேலை, ஆட்டமே சம்பளம். இங்கே நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ராணுவத்திலோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலோ வேலையில் இருப்பவர்கள். கேலோ இந்தியாவில் இந்த இரண்டு அணிகளும்தான் திரும்பத் திரும்ப மேலே வருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கிடைக்குமா என்பதுதான் லே பையனின் கனவு. பல கோடி ஒப்பந்தமெல்லாம் கணக்கிலேயே இல்லை. தமிழ்நாட்டில் கபடி ஆடும் பிள்ளைகள் ரயில்வே வேலையைப் பார்த்து ஆடிய காலம் நினைவுக்கு வரும்.

இரண்டு மாதம்தான் ஏன்?

லடாக்கின் கிராமத்து ரிங்க்குகளில் பெரும்பாலானவை இயற்கைக் குளிரை நம்பியவை. இரவில் தண்ணீரைப் பரப்புவார்கள். உறையும். மறுநாள் இரவு இன்னொரு அடுக்கு. இப்படி அடுக்கடுக்காக ஏற்றித்தான் ஆடத் தகுந்த தளம் கிடைக்கும். டிசம்பர் பின்பாதியில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடிந்துவிடும். பகலில் வெயில் ஏறினால் மேல்பரப்பு இளகும். ஸ்கேட் பள்ளம் விழும், பக் நின்று நின்று போகும். ஆகவே காலையிலும் மாலைக்குப் பிறகும்தான் நல்ல ஆட்டம்.

இந்தக் கணக்கு இப்போது ஆட்டம் காண்கிறது. குளிர்காலம் தாமதமாகத் தொடங்குவதையும், குளம் உறுதியாக உறையக் காத்திருக்க வேண்டியிருப்பதையும் லடாக்கின் பயிற்சியாளர்களும் அமைப்பாளர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பத்து வாரம் உள்ள சீசனில் இரண்டு வாரம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. வேறு எந்த விளையாட்டும் இப்படி வானிலையிடம் நாள் கேட்டு நிற்பதில்லை.

சிம்லாவிலும் இதே கதை, இன்னும் பழைய கதை. பிளெஸிங்டன் என்ற ஆங்கிலேயர் 1920-ல் தொடங்கிய இயற்கை ஐஸ் ரிங்க் அங்கே இருக்கிறது. தண்ணீர் தெளித்து இரவில் உறையவைத்து, காலை ஒரு செஷன், மாலை ஒரு செஷன் என்று ஸ்கேட்டிங் நடக்கும். வானம் மேகமூட்டமாக இருந்தால் தண்ணீர் உறையாது, அன்றைக்கு லீவு. அங்கே ஒரு குளிர்காலத்தின் ஆரோக்கியத்தை அளப்பதே எத்தனை செஷன் நடந்தது என்ற எண்ணிக்கையை வைத்துத்தான். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

பெண்கள் அணி: ஊரில் ரிங்க் இல்லாமல் வென்ற பதக்கம்

இந்திய ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியது 2009-ல், அபுதாபியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பையில். பாலைவன நாட்டில் போய்த்தான் உள்ளரங்கில் ஆட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பெண்கள் அணி 2016-ல் உருவானது. முதல் போட்டி தைபேயில். பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டிப் பயணச் செலவைச் சமாளித்த அணி அது. வருடத்தில் பத்து மாதம் ஐஸைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள். எதிரே நின்றவர்கள் ஆண்டு முழுவதும் ஏசி அரங்கில் பயிற்சி எடுப்பவர்கள். முதல் ஆண்டில் தோல்வி. அடுத்த ஆண்டு, 2017-ல், பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தி முதல் வெற்றியைப் பெற்றார்கள்.

2025-ல், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இதே அணி வெண்கலம் வென்றது. அணியில் கிட்டத்தட்ட எல்லோருமே லடாக், ஹிமாச்சல் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நம்ம செய்திகளில் அது ஓரமாக வந்து போனது. ஐ.பி.எல். முடிந்த வாரம் வேறு.

அந்த வெண்கலத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன ஒப்பீடு. கோடையில் மட்டும் தண்ணீர் நிரப்பும் ஒரு குளத்தில், வருடத்துக்கு இரண்டு மாதம் மட்டும் நீச்சல் பழகிய பிள்ளைகள் ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கினால் என்ன சொல்வோம்? அதுதான் இது.

டேராடூன் அரங்கம் பத்தாண்டுக்கும் மேல் பூட்டிக்கிடந்தது ஏன்?

இந்தியாவில் முழு அளவு உள்ளரங்க ஐஸ் ரிங்க் இல்லவே இல்லையா என்று கேட்டால், இருந்தது. கட்டினோம், பூட்டினோம்.

2011 ஜனவரியில் முதலாவது தெற்காசிய குளிர்கால விளையாட்டுகள் உத்தராகண்டில் நடந்தன. அதற்காக டேராடூனில் மகாராணா பிரதாப் விளையாட்டுக் கல்லூரி வளாகத்தில் சர்வதேச அளவு ரிங்க் கட்டப்பட்டது. 2012 மார்ச்சில் ஐஸ் ஹாக்கியின் ஆசிய சேலஞ்ச் கோப்பையும் அங்கே நடந்தது. இந்திய வீரர்கள் சொந்த மண்ணில், கூரைக்குக் கீழே, ஆடினார்கள்.

அதற்குப் பிறகு ரிங்க் இயங்கவில்லை. காரணம் மர்மம் ஒன்றுமில்லை. ஐஸ் ரிங்க்கைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதை உறைய வைத்துக்கொண்டே இருப்பது தினசரிச் செலவு. கம்ப்ரஸர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஒருமுறை அணைத்துவிட்டால் குழாய், பம்ப், குளிரூட்டும் இயந்திரம் எல்லாம் துருப்பிடிக்கும். மீண்டும் ஓட்ட வேண்டுமானால் ஏறத்தாழ புதிதாகவே செய்ய வேண்டும்.

2025-ல்தான் அது புதுப்பிக்கப்பட்டு, 'ஹிமாத்ரி' என்ற பெயரில் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டி அங்கே நடந்தது. ஆகஸ்டில், மழைக்காலத்தில், டேராடூனில், ஐஸ் மேலே! லடாக்கின் பிள்ளைகளுக்கு இதன் அர்த்தம் பெரிது. பத்து மாத இடைவெளியை நிரப்ப நாட்டுக்குள்ளேயே ஓர் இடம். குருகிராம் மாலில் இருந்தது போன்ற சின்ன ரிங்க்கில் முழு அணியும் இறங்கிப் பயிற்சி எடுக்க முடியாது.

ஆனால் பூட்டியது எப்படியோ, அதே காரணங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ரிங்க்கைத் திறந்துவைத்த நாளை விட, மூன்றாவது ஆண்டின் மின்கட்டணத்தைக் கட்டும் நாள்தான் முக்கியம் என்பது என் கருத்து.

வெயில் ஊரில் ஐஸ் எப்படி உறைகிறது?

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் பார்த்திருக்கிறீர்களா? காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ அந்தமான் ஜெட்டிகளிலோ, படகில் ஏற்றும் ஐஸ் பார் தயாராகும் இடம். அங்கே அம்மோனியா வாயுவைக் கொண்டு உப்புநீரைக் குளிர்விப்பார்கள். உப்புநீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அந்த உப்புநீர்த் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டின்களை இறக்கினால், டின்னுக்குள் தண்ணீர் கட்டியாகிவிடும்.

ஐஸ் ஹாக்கி அரங்கமும் அடிப்படையில் இதேதான். டின்னுக்குப் பதில் பெரிய கான்கிரீட் தளம். அந்தத் தளத்துக்குள் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்கள். குழாய்க்குள் உப்புநீரோ கிளைக்காலோ பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளிப்பார்கள். சில அடுக்குகள் உறைந்ததும் வெள்ளை பெயின்ட். அதற்கு மேல் சிவப்பு, நீலக் கோடுகள். பிறகு மறுபடியும் தண்ணீர். மொத்தத் தடிமன் சுமார் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். அவ்வளவுதான். டிவியில் பார்க்கும்போது ஆழமான பனிக்குளம் போலத் தெரிவது, உண்மையில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத தோசை.

ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு வண்டி வந்து சுற்றுமே, அதுதான் சாம்போனி. கீறல் விழுந்த மேல்பரப்பைச் சீவி எடுத்து, சுடுதண்ணீரைப் பரப்பிக்கொண்டே போகும். ஏன் சுடுதண்ணீர்? அது பழைய ஐஸின் மேல்பரப்பைச் சற்றே உருக்கி ஒட்டிக்கொள்ளும், வழவழப்பாக உறையும். இதை 1949-ல் கண்டுபிடித்த ஃபிராங்க் சாம்போனி குளிர் நாட்டுக்காரர் இல்லை. கலிஃபோர்னியாவில் ஐஸ் கட்டி வியாபாரம் செய்த குடும்பம். வீடுகளுக்கு ஃபிரிட்ஜ் வந்து ஐஸ் கட்டிக்கு கிராக்கி குறைந்ததும், கையில் இருந்த குளிரூட்டும் அனுபவத்தை வைத்து ஸ்கேட்டிங் ரிங்க் கட்டினார்கள்.

சூட்டை விடப் பெரிய எதிரி ஈரப்பதம். சென்னை, போர்ட் பிளேயர் மாதிரி ஊரில் காற்று தண்ணீராகவே இருக்கும். அந்தக் காற்று ஐஸ் மேல் பட்டால் மூடுபனி எழும்பும், மேல்பரப்பு மணல் மாதிரி சொரசொரப்பாகும், கூரையிலிருந்து நீர் சொட்டும். ஆகவே குளிரூட்டுவதோடு காற்றை உலர்த்தவும் தனி இயந்திரம் வேண்டும். அதுவும் கரண்ட் பில்தான். இந்த விஷயத்தில் வறண்ட அரிசோனா நம்மை விட அதிர்ஷ்டசாலி.

அந்த ஃபீனிக்ஸ் அணிக்கு என்ன ஆனது?

கனடாவின் வின்னிபெக் நகரில் இருந்த ஜெட்ஸ் அணி 1996-ல் ஃபீனிக்ஸுக்கு இடம்பெயர்ந்து 'கொயோட்டீஸ்' ஆனது. நகர மையத்தில் இருந்த அமெரிக்கா வெஸ்ட் அரினாவில் ஆடினார்கள். அது கூடைப்பந்துக்காகக் கட்டியது. கூடைப்பந்துத் தளம் சிறியது, ஹாக்கி ரிங்க் நீளமானது: 200 அடிக்கு 85 அடி. உள்ளே திணித்ததில், ஒரு முனையில் ஆயிரக்கணக்கான இருக்கைகளிலிருந்து கோலே முழுதாகத் தெரியாது. காசு கொடுத்து வந்தவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி.

2003 டிசம்பரில் பக்கத்து நகரமான கிளெண்டேலில் ஹாக்கிக்கென்றே கட்டிய அரங்கத்துக்குப் போனார்கள். பார்வை பிரச்சினை தீர்ந்தது, தூரப் பிரச்சினை வந்தது. வசதியான ரசிகர்கள் நகரின் கிழக்குப் பக்கம், அரங்கம் மேற்கில். 2009-ல் அணி திவால் மனு கொடுத்தது. லீகே சில ஆண்டுகள் அணியை ஏற்று நடத்தியது. கிளெண்டேல் நகராட்சிக்கும் அணிக்கும் உரசல் முற்றி, 2021-22 சீசனுக்குப் பிறகு குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். உலகின் முதன்மை லீகின் ஓர் அணி, டெம்பியில் உள்ள பல்கலைக்கழக அரங்கமான முல்லெட் அரினாவில் வாடகைக்குக் குடியேறியது. என்.எச்.எல். ஆட்டங்களுக்கு அங்கே 4,600 இருக்கைகள். மற்ற அணிகள் 17,000, 18,000 பேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. தற்காலிகம்தான், புது அரங்கம் கட்டிவிடுவோம் என்றார்கள். 2023 மே 16 அன்று டெம்பி நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

2024 ஏப்ரல் 17 அன்று முல்லெட் அரினாவில் எட்மண்டனை 5-2 என்று வென்றதுதான் கடைசி ஆட்டம். மறுநாளே அணியின் வீரர்களும் ஒப்பந்தங்களும் சால்ட் லேக் சிட்டிக்குப் போவது உறுதியானது. 120 கோடி டாலர் பேரம். அங்கே அது இப்போது யூட்டா மம்மத் என்ற பெயரில் ஆடுகிறது.

28 ஆண்டுகள் வீணா என்றால், இல்லை. அந்த அணியைப் பார்த்து, அந்த ஊரின் ரிங்க்குகளில் பழகி வளர்ந்த ஒரு பையன் ஆஸ்டன் மேத்யூஸ். பாலைவனத்தில் வளர்ந்த அவரை 2016-ல் என்.எச்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல். 2023-24 சீசனில் 69 கோல். அணி போய்விட்டது, ரிங்க்குகள் இருக்கின்றன, பிள்ளைகள் இன்னும் ஆடுகிறார்கள்.

இதோடு இன்னொரு கணக்கு. 2020 முதல் 2025 வரை ஆறு ஸ்டான்லி கோப்பைகளில் நான்கை வென்றது வெயில் மாநிலமான ஃபுளோரிடாவின் இரண்டு அணிகள் (டாம்பா பே இரண்டு, ஃபுளோரிடா பாந்தர்ஸ் இரண்டு). இன்னொன்று பாலைவன லாஸ் வேகஸுக்கு. ஐஸ் ஹாக்கியைத் தாய்மொழி மாதிரி பேசும் கனடாவிலிருந்து ஓர் அணி கடைசியாக வென்றது 1993-ல். இயற்கைக் குளிர் தரும் முன்னிலை எப்போதோ முடிந்துவிட்டது.

அப்போ தெற்கே, கடலோரத்தில் சாத்தியமா?

போர்ட் பிளேயர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 11.6 டிகிரியில் இருக்கிறது. பாங்காக் 13.7, மணிலா 14.6. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நிலநடுக்கோட்டையே ஒட்டியவை. இந்த நான்கு நகரங்களிலும் மால்களுக்குள் ஐஸ் ரிங்க் உண்டு. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி இருந்தது. ஆண்கள் தங்கத்தை வென்றது பிலிப்பைன்ஸ். மாலில் சினிமா பார்க்க வருகிறவர், கடையில் துணி எடுக்க வருகிறவர், மணிக்கு இவ்வளவு என்று கட்டி ஸ்கேட் செய்யும் குழந்தைகள், இவர்கள் எல்லோரும் சேர்ந்து கரண்ட் பில்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ராத்திரி மால் மூடிய பிறகு ஹாக்கி அணி பயிற்சி எடுக்கிறது. டேராடூனில் இல்லாமல் போனது இந்தக் கூட்டம்தான்.

ஆகவே சென்னை போன்ற பெருநகரத்தில் முழு அளவு ரிங்க் என்பது பொறியியலாகப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. வாடிக்கையாளர் வருவாரா என்பது மட்டும்தான் கேள்வி. அந்தமானுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில் வருகிறது, டீசல் கப்பலில் வருகிறது. அந்த மின்சாரத்தில் 24 மணி நேரமும் ஐஸ் உறைய வைப்பது மீன் ஐஸுக்குச் சரி, விளையாட்டுக்கு நியாயப்படுத்துவது கஷ்டம்.

தீவுக்கு எது பொருந்தும் என்பதற்கு விடை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. போர்ட் பிளேயரில் சைக்கிள் பந்தயத்துக்கான பாதையும் பயிற்சி வசதியும் இருந்ததால்தான், 2004 சுனாமியில் தப்பிப் பிழைத்த டெபோரா ஹெரால்டு இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனையாக வர முடிந்தது. 2018 ஜூனியர் உலக டிராக் சைக்கிளிங்கில் கெய்ரின் பிரிவில் ஈசோவ் ஆல்பன் வெள்ளி வென்றார். நிக்கோபார் பையன். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

தளம் மாறினால் விளையாட்டே கைமாறும் என்பது ஹாக்கியில் நமக்குத் தெரியாத பாடமும் இல்லை. 1975-ல் புல்தரையில் உலகக் கோப்பை வென்ற இந்தியா, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தளத்துக்கு மாறிய 1976 மான்ட்ரியலில் ஏழாவது இடத்துக்குப் போனது. நம் ஊர்களுக்கு அந்தத் தளம் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. லடாக்கின் பிள்ளைகள் இப்போது நிற்பது அதே இடத்தில். லேயில் அடுத்த சீசனுக்கான தண்ணீர், டிசம்பரில் இரவு வெப்பநிலை இறங்கியதும் குளத்தில் பாய்ச்சப்படும்.